சைதாப்பேட்டை ஸ்டேஷனில் காத்திருந்த அண்ணனுக்கு

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் வயலினை மேலே வைத்த இடத்திலேயே மறந்துவிட்டு கிண்டியில் இறங்கிய பைத்தியம் நான்தான். அன்றைக்கு இன்டர்வியூ, கையில் ஃபைல், மண்டை முழுக்க இசிஜியில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை எப்படி வடிகட்டுவது என்கிற கேள்வி, அதனால் வண்டி கிளம்பிய பிறகுதான் தோள் லேசாக இருப்பதே உறைத்தது.

போன் அடித்தது. "தம்பி, வயலின் பெட்டிக்குள்ள ஒரு துண்டுச்சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சு. சைதாப்பேட்டையில இறங்கிட்டேன், பதறாம வாங்க."

அடுத்த வண்டியில் வந்து பார்த்தால், பெட்டியை வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பேரைக் கேட்டேன், சிரித்துவிட்டு வண்டி ஏறிவிட்டீர்கள்.

அண்ணா, பயோமெடிக்கல் முடித்த எனக்கு காது மெஷினில் வேலை செய்யத்தான் ஆசை. பேச்சை மனதில் வைத்தே செய்த கருவி அது, நீளமாக இழுக்கும் புல்லாங்குழல் சுரத்தைச் சில நேரம் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். பாட்டு கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது கொடுமை. அதைச் சரிசெய்யணும்.

இன்டர்வியூவுக்கு 20 நிமிஷம் லேட், வேலை கிடைக்கவில்லை, சரி போகட்டும். ரொம்ப நன்றி அண்ணா. இதைப் பார்த்தால் அதே நம்பருக்கு ஒரு போன் போடுங்கள், காபி என் கணக்கு.