பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மன்னார்குடியில் நாலு நாளாக விட்டு விட்டு மழை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன ஞாயிற்றுக்கிழமை "என்ன படம்பா பார்த்தீங்க?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்ததில் ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. நீ இங்கே இருந்தவரை படம் விட்டு வந்தால் பாய் போடும்வரை பேசுவோம். போனில் அந்தப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் கொஞ்சம் பழைய படங்கள்தான், நீ போட்டுக்கொடுத்த ஓடிடி கணக்கில் சாவகாசமாகப் பார்த்தவை.

'லப்பர் பந்து' அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கெத்து என்கிற கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' படத்து 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' போடுவார்கள். 1989-இல் வந்த பாட்டு. அன்றைக்கு முழுக்க அடுப்படியில் அதுதான் ஓடியது. விஜயகாந்த் போய்ச் சேர்ந்து இத்தனை நாளான பிறகு அந்தப் பாட்டுக்கு ஊரே எழுந்து ஆடுவதைப் பார்க்க எனக்கும் தொண்டை அடைத்தது. நன்றாக ஆடத் தெரிந்த பையனைச் சாதி பார்த்து டீமில் சேர்க்காமல் வைத்திருப்பதை, கத்தாமல், மேடை போட்டுப் பேசாமல் காட்டியிருக்கிறார்கள். பார்க்காவிட்டால் பார்.

'கொட்டுக்காளி' நீ பார்த்தாயா? 2024 பிப்ரவரியில் உங்கள் பெர்லின் திரைப்பட விழாவில்தான் முதலில் திரையிட்டிருக்கிறார்கள். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, கோழி, ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான். அம்மா பாதியில் எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை இருந்தேன்.

வேறு சாதிப் பையனை விரும்பிவிட்டாள் என்று ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்ததாக முடிவு கட்டி, சாமியாடியிடம் ஓட்ட ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவள் வாயே திறப்பதில்லை. சூரி தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் வருகிறார். அந்த மனிதரைப் பரோட்டா சாப்பிட்டுச் சிரிக்க வைத்தவர் என்றே நினைக்க முடியவில்லை. வழியில் எங்கோ பாட்டு கேட்கிறது, அந்தப் பெண் லேசாக உதட்டை அசைக்கிறாள். அதற்காக நடுரோட்டில் சூரி கையால் அப்படி ஒரு அடி. தடுக்க வந்த பெண்களுக்கும் சேர்த்து. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு இடம். ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு மாடு நிற்கிறது. வண்டியில் வந்த இத்தனை ஆம்பிளைகளும் கிட்டே போகப் பயந்து நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து பிடித்துக்கொண்டு போகிறது, மாடும் பேசாமல் பின்னாலேயே போகிறது. அதை மட்டும் திருப்பிப் போட்டு மூன்று தரம் பார்த்தேன்.

கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் நீ நாலு நாள் பேசாமல் இருந்தாயே, அப்போது நானும் ஏறக்குறைய அந்த வார்த்தையைத்தான் உன்னைச் சொன்னேன். வரலாறு படிக்கிறேன் என்றாய். வரலாறு படித்தால் சோறு போடுமா என்று கேட்டேன். ஐந்தாம் நாள் காலையில் நீயாக வந்து "கம்ப்யூட்டரே எடுத்துக்கறேம்பா" என்றாய். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ அனுப்புகிற மியூசியம் படங்களைப் பார்க்கும்போது அந்த நாலு நாளும் நினைவுக்கு வருகிறது. என்னை அந்தப் படத்து ஆட்களோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் உன் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

'3 பி.எச்.கே.' சுமார்தான். எனக்காகவே எடுத்தது போல் இருந்தது என்று உன் பெரியம்மா சொன்னதால் போட்டோம். சரத்குமாரும் தேவயானியும் புருஷன் பெண்டாட்டி. 1997-இல் 'சூரியவம்சம்' பார்த்த எங்களுக்கு அதுவே ஒரு சந்தோஷம். வீடு வாங்கச் சேர்க்கிற காசு ஒவ்வொரு தரமும் வேறு எதிலாவது போய் விழும். மகனின் என்ஜினீயரிங் சீட்டுக்கு அதைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கதையில் அவள் வளையல் நாலும் போனது. அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. படம் அதற்குமேல் கஷ்டத்தை அடுக்கிக்கொண்டே போகிறது, எனக்கு அலுத்துவிட்டது. அதை விடு.

நான் எழுத உட்கார்ந்ததே 'மெய்யழகன்' பற்றித்தான். வெளிவந்த மறுநாளே தியேட்டரில் பார்த்தேன், உனக்குத் தெரியும். போன வாரம் மறுபடி பார்த்தேன். நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம் என்று தொடங்கினால் நமக்கு வேறென்ன வேண்டும்? அந்த ரயில்வே கேட்டில் நாம் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்திருப்போம்! கேட் போட்டதும் வேர்க்கடலை விற்கிறவர் ஜன்னலோரமாக வருவார், நீ என் சட்டையைப் பிடித்து இழுப்பாய்.

சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பம். 22 வருஷம் கழித்து அரவிந்த்சாமி கல்யாணத்துக்கு வருகிறார், தலையைக் காட்டிவிட்டு அன்று ராத்திரியே கிளம்புகிற எண்ணத்தோடு. மேடையில் தங்கைக்குக் கொண்டுவந்த நகையை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, குனிந்து கொலுசு மாட்டுகிறார். அவளுக்கு அழுகை நிற்கவில்லை. எங்கள் வரிசையிலும் யாருக்கும் நிற்கவில்லை. கார்த்தி 'அத்தான் அத்தான்' என்று கூடவே சுற்றுகிறார். அவர் யார், பெயர் என்ன, எதுவுமே அரவிந்த்சாமிக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். இவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் கார்த்தியின் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது என்று தெரிய வரும்போது மனிதர் அங்கே இருக்க முடியாமல் விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்.

படம் நீளம் என்று சொல்லி, வெளிவந்த சில நாளிலேயே சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ராத்திரியில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் பேச்சு அப்படித்தானே போகும்? நீயும் நானும் கோயில்வெண்ணிக்குப் போய்விட்டு வந்த அன்று கரிகாலனில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்க் கடைசியில் உன் ஸ்கூல் வேன் டிரைவரில் வந்து நின்றோமே, அதை யார் வெட்டுவது?

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். போன மாதம் வலங்கைமான் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் ஒருவன் எனக்கு மட்டும் இரண்டு தரம் பாயசம் ஊற்றினான். "பெரியப்பா, என்னைத் தெரியுதா?" என்றான். "தெரியாம என்னடா" என்றேன். முகம் தெரிந்த முகம், பெயர்தான் வரவில்லை. "பாப்பா எப்படி இருக்கு? இன்னும் நுங்குன்னா உசிரா?" என்று கேட்டான். சாப்பிட்ட பிறகு தாம்பூலப் பையை அவனே எடுத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் எடுக்கும்வரை கீழேயே நின்றான். கேட்டிருக்கலாம், வாய்வரை வந்தது. தெரியாம என்னடா என்று சொல்லிவிட்டு எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றாள். எனக்கு மனசு வரவில்லை, அவன் காதுக்குப் போய்விடும். உன் காதுகுத்து ஆல்பத்தை எடுத்துப் பார்த்தோம். பாதிப் படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரித்தால் முகம் கிழிகிறது. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

உனக்கு நாலைந்து வயது கூட இருக்கும் அவனுக்கு. இடது புருவத்தின் மேல் தழும்பு. பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறான். முழுப் பரீட்சை லீவில் ஆச்சி வீட்டுக்குப் போகும்போது நுங்குக் கோந்தையில் உனக்கு வண்டி செய்து கொடுத்த பையன் ஒருவன் உண்டே, குளத்தங்கரை வீட்டிலிருந்து வருவானே, அவனாக இருக்குமோ என்று ஒரு எண்ணம். அவன் பெயர் உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது. போனில் வேண்டுமானாலும் சொல். மாப்பிள்ளை வீட்டு மறுவிருந்துக்கு அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா