யாழ்ப்பாணம் மயிலிட்டியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் அழுதது இன்னும் காதுக்குள் நிற்கிறது. கடையில் ‘டீத்தூள்’ கேட்டாயாம், கடைக்காரர் “பிள்ளை இந்தியாவோ?” என்றாராம், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களாம். கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போன புதிதில் ‘சிலோன்காரப் பிள்ளை’ என்று கூப்பிடுகிறார்கள் என்று இதே மாதிரிதான் என் மடியில் விழுந்து அழுதாய். “எங்களுக்கென்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே யாரும் உன்னை அப்படிக் கேட்கமாட்டார்கள்” என்று அன்றைக்குச் சொன்னேன். நேற்று நீ அதைத் திருப்பிக் கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஊரைத்தான் உனக்குச் சொன்னேன் பிள்ளை. அது 1990 ஜூனில், 12 வயதில் நான் விட்டுவிட்டு ஓடிவந்த ஊர். பிறகு 27 வருஷம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2017 ஜூலையில் துறைமுகத்தையும் கொஞ்சக் காணியையும் விட்டபோது பெரியம்மா தேடிப் போனார். வீடு இல்லை, வேலி இல்லை, எது ஒழுங்கை என்றே தெரியவில்லையாம். பற்றைக்குள் ஒரு கிணறு தட்டுப்பட்டது. அம்மப்பா ஈரச் சிமெந்தில் விரலால் எழுதிய 1974 அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் “இது எங்கட காணி” என்று நிலத்தில் உட்கார்ந்து அழுதாராம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கே அப்படி. நீ போய் எட்டு மாதம்தானே ஆகிறது.

பேச்சை மாற்ற வேண்டும் என்று மெனக்கெடாதே. ‘ஓம்’, ‘பேந்து’, ‘கெதியா’ எல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்தவைதான், தானாக வரும். நடுவில் ‘அப்புறம்’ வந்தால் வரட்டும். முகாம் வாசலில் உன்னோடு பாண்டி ஆடிய பிள்ளைகளின் சொல் அது. அதை எதற்கு விடவேண்டும்?

அடையாள அட்டைக்கு நீ அலைவதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. இந்தியாவில் பிறந்தும், 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்ததாலும் பெற்றோரில் ஒருவர்கூட இந்தியராக இல்லாததாலும் இங்கே உனக்குக் குடியுரிமை இல்லை. சென்னையில் பதிந்து வாங்கிய இலங்கைக் குடியுரிமைப் பத்திரம் ஒன்றுதான் உனக்கு இருக்கிறது. யார் கேட்டாலும் பிரதியை மட்டும் கொடு, மூலப்பத்திரத்தைக் கைவிட்டுப் போகவிடாதே.

சரி, இன்னொன்று. ஆடி அமாவாசைக்குப் பெரியம்மா கீரிமலைக்குப் போவார், நீயும் கூடப் போ. கடலுக்கு ஒட்டினாற்போல் நல்ல தண்ணீர்க் கேணி. முகாமில் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அம்மப்பா அந்தத் தண்ணீரைத்தான் கேட்டார். பெண்கள் கேணியில் அவர் பேரைச் சொல்லி ஒரு முழுக்குப் போடு. தண்ணீர் குளிர்ந்து இருந்ததா என்று எனக்கு எழுது. எவ்வளவு யோசித்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அன்புடன்
அம்மா