வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். கடந்த 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை, உங்கள் ஒருநாள் சென்னைக் கலைச் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து ராத்திரி ரயிலேறி வந்தோம். ஆளுக்கு 2,450 வீதம் 7,350 ரூபாய் முன்கூட்டியே கட்டியாயிற்று. காலை பத்தேகாலுக்கு உங்கள் வேன் பாந்தியன் சாலையில் போய் நின்றபோது கேட் பூட்டிக் கிடந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் வார விடுமுறை. வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் சொல்லித்தான் உங்கள் டிரைவருக்கே அது தெரிந்தது.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தில் 'திங்கள் விடுமுறை' என்று போட்டிருக்கிறது. டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத்தான் திங்கள் விடுமுறை. அந்தத் தாளைப் பார்த்து எழுதினீர்களோ என்னவோ. பணம் கட்டும் முன் போனில் கேட்கவும் செய்தேன். "திறந்திருக்கும் சார், தினமும் கூட்டிட்டுப் போறோம்" என்றார் உங்கள் அலுவலகப் பெண். தினமும்!

என் அப்பாவுக்கு வயது 78. சுவாமிமலைச் சிலைப் பட்டறையில் நாற்பது வருடம், வார்ப்புக்கு முன் சிலையை மெழுகில் பிடிக்கிற வேலை பார்த்தவர். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், 11ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புத்திருமேனி, எழும்பூரில் இருக்கிறது. அதே ஊர் ரிஷபவாகனரைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். அர்த்தநாரீசுவரரை மட்டும் படத்தில்தான் பார்த்திருக்கிறார். சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒரு கை. படத்தை வைத்தே மூன்று முறை மெழுகில் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒடியும் இடத்தில் சந்தேகம். "முன்னாடிதாண்டா எல்லாரும் படம் எடுக்கறான், பக்கவாட்டுல நின்னு பாத்தாதான் தெரியும்" என்பார். பட்டறையில் அளவு மடிக்கிற தென்னை ஓலை நறுக்கு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிலையைத் தொட்டு அளக்க விடமாட்டார்கள் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

அவரை நீங்கள் கூட்டிப்போனது தி.நகர் புடவைக் கடைக்கு. 'மாற்று ஏற்பாடு' என்றார் டிரைவர். ஒன்றரை மணி நேரம் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் உங்கள் அலுவலகத்தை அழைத்தேன். உள்ளே போகாததால் நுழைவுச்சீட்டுக் காசை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் வந்ததே அதற்குத்தான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: திட்டத்தில் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியது 45 நிமிடம். அங்கே இருப்பது 46 காட்சிக்கூடங்கள். திறந்திருந்தாலும் சண்டைதான் வந்திருக்கும்.

7,350 ரூபாயையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். முடியாதென்றால் எங்கள் மூவருக்கும் ரயில் கட்டணம் சேர்த்து வேறொரு நாள் ஏற்பாடு செய்யுங்கள். செப்புத்திருமேனிக் கூடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டும், புடவைக் கடை வேண்டாம். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். எப்படியானாலும் அந்தத் திட்டத்தில் விடுமுறை நாளை இன்றே திருத்துங்கள். அடுத்த வெள்ளிக்கும் ஆள் சேர்ப்பதாக நேற்றுகூட எனக்கு விளம்பரம் வந்தது.

பணம் கட்டிய ரசீது, உங்கள் பயணத் திட்டம், பூட்டிய கேட்டின் புகைப்படம் மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்