வெட்டுத்துணி மூட்டை

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ "கை ஓடவில்லை அப்பா" என்று சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்ட உன் அம்மா, கைவலி என்று எடுத்துக்கொண்டாள். அமெரிக்காவுக்குத் தைலம் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று இரண்டு நாளாக விசாரித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கிப் பார்த்தேன், நம்பவில்லை. தைலம் வந்தால் வாங்கி வைத்துக்கொள்.

துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் உன் குவில்ட் போர்வைகளில் ஐந்து பாதியில் கிடக்கிறது, அலமாரி கொள்ளாமல் துணி இருக்கிறது, எதை எடுத்தாலும் சலிப்பாக இருக்கிறது என்றாய். நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்த எனக்குக் கை ஓடாமல் போக வசதியே இருந்ததில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் ரவிக்கைக்கு வந்து நிற்கிறவளிடம் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும்! உனக்கு அவசரப்படுத்த ஆளில்லை. அதுதான் உன் கஷ்டம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்ததில், எனக்கும் ஒரு வருடம் அப்படிப் போனது நினைவுக்கு வந்தது.

ரெடிமேட் துணி வந்து நம் கடையில் கூட்டம் குறைந்த சமயம். நீ கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ந்திருந்தாய். காலையில் கடையைத் திறப்பேன், மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், தெருவைப் பார்ப்பேன். வந்த ஒன்றிரண்டு வேலையும் கசந்தது. டிசம்பரில் நீ குளிருகிறது என்று எழுதினாய். கடைக்குப் போய்ப் போர்வை வாங்கக் கையில் பணம் தோதாக இல்லை. மேசைக்கு அடியில், ஊர்ப் பெண்களின் ரவிக்கைகளை வெட்டியதில் மிஞ்சிய வெட்டுத்துணி மூட்டை இருந்தது. தலையணைக்காரர் வந்தால் கிலோ கணக்கில் போட்டுவிடுவது வழக்கம். அதை இழுத்துத் தரையில் கொட்டினேன்.

கொட்டியதும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். பாட்டில் பச்சையைத் தவிர வேறு நிறம் தொடாத கணக்கு டீச்சர். ஒவ்வொரு முறையும் கை நீளத்தை மாற்றச் சொல்லும் மருந்துக்கடை வீட்டம்மா. முகூர்த்தப் புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கைக்கு ரூபியா பருத்தித் துணி தேடி மூன்று கடை ஏறி இறங்கிய பெண். எந்தத் துண்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். நல்ல யோசனை வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. ஒரு பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு அரக்குத் துண்டை வைத்தேன், அது சரியாக இல்லை, நகர்த்தினேன். அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு உன் அம்மா வந்து விளக்கை அணைத்தாள். அப்படித்தான் உனக்குப் போர்வை ஆனது. நடுவில் பஞ்சுக்குப் பதிலாகத் தாத்தாவின் பழைய வேட்டி இரண்டு, அடியில் ஒரு நூல் புடவை, மேலே ஓட்டுத் தையல். முதல் சலவையில் அரக்குச் சாயம் இறங்கி வெள்ளைத் துண்டெல்லாம் ரோஜா நிறம் ஆனது நினைவிருக்கிறதா? தோழிகள் அதைத்தான் அழகு என்றார்கள் என்று எழுதினாய். நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒட்டுப்போட்ட துணி என்றால் இங்கே இல்லாமை என்றுதானே அர்த்தம்.

அந்த வெட்கம் போனது போன வருடம் அங்கே வந்தபோதுதான். அட்லாண்டா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகளைக் காட்டினாய். எனக்கு இங்கிலீஷ் ஓடாது, நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். மிசௌரி பெட்வே என்ற அம்மாள் 1942இல் கணவர் இறந்த துக்கத்தில் அவருடைய வேலை உடுப்புகளை எடுத்து, மகளை உடன் வைத்துக்கொண்டு போர்வையாகத் தைத்தாள் என்றாய். தையல்காரன் கண்ணுக்கு அந்த ஊர்ப் போர்வைகளில் வேறொன்று பட்டது. வெளுத்துப்போன கால்சட்டைத் துணியின் நடுவே, பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் கருநீலமாக, வாங்கிய அன்றைய நிறத்திலேயே இருக்கிறது. எந்தச் சாயக்காரனும் அப்படி ஒரு நிறத்தைப் போட முடியாது. அந்த மனிதர்கள் வயலில் நின்ற வெயில் முழுக்க அந்தத் துணியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாய். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனிக்காக அந்தப் பெண்கள் கார்டுராய் என்ற வரி வரியான துணியில் தலையணை உறை தைத்தார்கள், மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்கு வந்தன, அந்த ஊரில் கார்டுராய் போர்வைகளாகப் பிறந்தன என்று. தடித்த துணி, நுணுக்கமாக வெட்ட வராது, நிறமும் நாலைந்துதான். அதில்தான் அவர்கள் அப்படி விளையாடியிருக்கிறார்கள். உன் அலமாரியை நினைத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, உனக்குத் துணி அதிகம் பாப்பா. அலமாரியைப் பூட்டிச் சாவியை மாப்பிள்ளையிடம் கொடு. ஒரு பையில் கை விட்டு எடுத்ததை மட்டும் வைத்து ஒரு சின்னத் துண்டு தை. தொட்டில் அளவு போதும். கைபேசியில் ஊரார் தைத்ததைப் பார்ப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்து. பந்தி முழுக்கச் சுற்றிப் பார்த்தவனுக்குத் தன் இலையில் பசி எடுக்காது.

சின்ன வயதில் நான் தேர்ச்சீலை தைக்கும் ஒருவரிடம் எடுபிடியாக இருந்தேன். தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பை உனக்குத் தெரியுமே, அதேதான். சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு. அதே யாளி, அதே கிளி, வருடம் முழுக்க. சலிக்காதா என்று கேட்டேன். கிளியின் கழுத்தைப் பார் என்றார். பார்த்தால், எந்த இரண்டு கிளியும் ஒரே பக்கம் ஒரே அளவு திரும்பியிருக்கவில்லை. கோயிலில் யாரும் அண்ணாந்து அதைக் கவனிக்கப் போவதில்லை. அவர் தனக்காகக் கழுத்தை ஒரு நூல் திருப்பிக்கொள்வார், அன்றைய பொழுது ஓடிவிடும்.

உன் வேலையில் என் மனதுக்கு ஒட்டாதது அந்தக் கால் அங்குல மடிப்புதான். நாங்கள் தையலுக்கு வெளியே தாராளமாகத் துணி விடுவோம், உடம்பு பெருத்தால் பிரித்து விட. நீங்கள் கால் அங்குலத்தில் நிற்கிறீர்கள். அதில் ஒரு அங்குலத்தில் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு, பிசகினால் பன்னிரண்டு துண்டு சேரும்போது ஒரு அங்குலத்துக்கு மேல் போய்விடும், சதுரம் கோணும், மனம் விட்டுப்போகும். பாதியில் நிற்கும் ஐந்தில் இரண்டு குவில்டாவது இதனால்தான் நிற்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அப்படி இருந்தால் பிரி. பிரிப்பதை வேலையாகவே எண்ணு. நான் பாட்டுக் கேட்டுக்கொண்டு பிரிப்பேன். மனதுக்குப் பிடிக்காமல் போன ஒன்றை, யாருக்கென்று ஆரம்பித்தாய் என்பதே உனக்கு மறந்திருந்தால், வெட்டி மெத்தை விரிப்பாக்கு. பாவம் ஒன்றும் இல்லை.

இரவில் மெஷினை விட்டு எழும்போது ஒரு தையலைப் பாதியில் விட்டு, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு எழு. மறுநாள் என்ன செய்வது என்று யோசிக்காமல் காலை மிதியில் வைத்துவிடலாம். உன்னுடையது மின்சார மெஷின், அதிலும் மிதி இருக்கிறது அல்லவா?

அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பையன் அங்கே வருகிறான். ஒரு கிலோ வெட்டுத்துணி கொடுத்தனுப்புகிறேன். கடையை மூடியபோது தலையணைக்காரருக்குப் போடாமல் வைத்திருந்தது. கணக்கு டீச்சரின் பச்சை நிறைய இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். பொட்டலத்தில் அரக்கும் இருக்கிறது. அதை மட்டும் தனியாக நனைத்து, ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டு எடு. சாயம் இறங்கினால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

அன்புடன்,
அப்பா