உதட்டு ரேகை எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் லிப்ஸ்டிக் கேட்டீர்களாமே, எதுக்கு சார்?" என்று சிலர் பள்ளி வாசலிலேயே கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அறிவியல் கண்காட்சிக்காகத் தடயவியல் பல் மருத்துவத்தைப் பற்றி, அதாவது பல், வாய் அடையாளங்களை வைத்து ஆள் யாரென்று கண்டறியும் துறையைப் பற்றி, அவர்கள் ஒரு செயல்பாடு செய்கிறார்கள்.

கைரேகை போலவே உதட்டிலும் ரேகை உண்டு. நேராக ஓடுவது, பாதியில் நிற்பது, கிளை பிரிவது, ஒன்றையொன்று வெட்டுவது, வலை போலப் பின்னியது என்று ஜப்பானில் சுசுகியும் சுச்சிஹாஷியும் 1970களில் பிரித்த வகைகளைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். உதட்டில் மெல்லிசாகச் சாயம் தடவி, செலோ டேப்பை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால், பூதக்கண்ணாடியில் எல்லாக் கோடும் தெரியும்.

மேலண்ணத்திலும் வரிகள் உண்டு. மேல் முன்பற்களுக்குப் பின்னால் நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள், மேடு மேடாகத் தட்டுப்படும். கருவில் மூன்றாம் மாதவாக்கில் உருவாகும் இந்த வரிகள், வாய் வளர வளரப் பெரிதாகுமே தவிர, அமைப்பு அவ்வளவாக மாறுவதில்லை. உதடு, கன்னம், நாக்கு, பல் எல்லாம் சுற்றிக் காவல் இருப்பதால், தீ விபத்தில் விரல் ரேகை அழிந்தாலும் இவை தப்பிவிடுவதுண்டு. பல்லே இல்லாத பெரியவர்களுக்கும் இது உதவும். பல்செட்டின் உள்பக்கத்தில் அந்த வரிகளின் அச்சு இருக்கும்.

இந்த ரேகைகளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் எனப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அங்கேதான் நான் நிதானம் கேட்கிறேன். சில ஆய்வுகளில் ஆண்களிடம் ஒரு வகையும் பெண்களிடம் வேறு வகையும் அதிகம் வந்திருக்கின்றன. ஆனால் ஊருக்கு ஊர், மக்களுக்கு மக்கள் முடிவு மாறுகிறது. ஒரே வகை இருபாலரிடமும் இருக்கிறது. அதனால் இதை ஒரு துணைச் சான்றாக மட்டுமே வைக்கலாம். உறுதியாகச் சொல்ல இடுப்பெலும்பு வேண்டும், அல்லது பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்து டிஎன்ஏ எடுக்க வேண்டும். ஆகவே தாளில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. "உன் உதடு பொம்பள உதடு" என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கிண்டல் செய்ய விடமாட்டேன்.

ஒருவர் தொட்ட சாயத்தை இன்னொருவர் தொடக் கூடாது. ஆளுக்கொரு காது குச்சியில்தான் தருவோம். உதட்டில் புண்ணோ வெடிப்போ இருந்தால் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியைகள் தனி அறையில் எடுப்பார்கள். வாய்க்குள் எதையும் வைக்கமாட்டோம். அண்ணத்துக்குப் பல் மருத்துவர் ஒருவர் தந்த பிளாஸ்டர் அச்சுகளே போதும். கண்காட்சி முடிந்ததும் அந்தந்தத் தாள் அந்தந்தப் பிள்ளையிடமே வந்துவிடும். ரேகை என்பது அந்தப் பிள்ளையின் அடையாளம், அதைப் பள்ளி சேர்த்துவைக்கக் கூடாது. சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் எழுதி அனுப்புங்கள், மதிப்பெண் குறையாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடலை ஒட்டி வாழ்கிறோம், 2004 சுனாமி நமக்குப் புதிதில்லை. அந்தச் சமயம் தாய்லாந்தில் இறந்தவர்களில் ஏராளமானோரைப் பல் மருத்துவப் பதிவுகள்தான் குடும்பத்திடம் சேர்த்தன. வீட்டில் யாருக்குப் பல் பார்த்தாலும் அந்தச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு வையுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் கட்டாயம் வையுங்கள்.

சம்மதச் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும். நேரில் பேச விரும்பினால் மாலை நான்கரைக்கு மேல் என் அறைக்கு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
தண்டையார்பேட்டை, சென்னை