கோட்டை மான்களுக்குக் கையில் எதுவும் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்குக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வருவதாக நீ எழுதியதை அம்மா அயலெங்கும் சொல்லி முடித்துவிட்டாள். மாரி ஓய்ந்து, பங்குனியிலேயே கடல் அடங்கிவிட்டது.

பேரப்பிள்ளைகள் வந்ததும் கோட்டைப் புள்ளிமான்களைத்தான் கேட்பார்கள். நீ சிறுமியாக இருந்தபோது வாழைப்பழத்தையும் கச்சானையும் உன் கையில் தந்து அவற்றுக்கு ஊட்டச் சொன்னவன் நான். அது பிழையென்று அன்று எனக்குத் தெரியவில்லை. சென்ற மாதம் கோவிலிலிருந்து இறங்கி வரும்போது, ஒரு பெண்மான் யாரோ எறிந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலின் பொலித்தீன் லஞ்ச் சீற்றைக் குழம்பு வாசனைக்காக மென்றுகொண்டிருந்ததைக் கண்டேன். பாதி வாயோரத்தில் தொங்கியது. இழுத்தெடுக்கலாம் என்று இரண்டடி வைத்தேன். அது துள்ளி விலகி, மிச்சத்தையும் என் கண்முன்னே விழுங்கிவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காமல், வெளியேறவும் வழியில்லாமல் திரண்டு கிடப்பதால், வயிறு நிறைந்ததுபோல் இருந்தும் அது பட்டினியால் மெலிந்து சாகிறது. மனிதர் கையில் உணவு கிடைக்கும் என்று பழகிய மான்தான் பையையும் குப்பையையும் தேடி வருகிறது என்பதால், பழம்கூடக் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வை.

நிலாவெளியிலிருந்து புறாமலைக்கும் போவோம். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவின் பாறைகளில் காட்டு மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. அங்கே முருகைக்கற்களின் மேல் கால் வைக்கக் கூடாது; அவை கல்லல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியவை, ஒரு மிதியில் முறிந்துவிடும். திமிங்கிலம் பார்க்கப் படகில் போவதானால், அதைத் துரத்தாமல் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டியாகப் பார்த்துப் பேசுகிறேன். அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே அது மூச்சுவிடும்போது எழும் நீர்த்தூவலைக் காணலாம். எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

மான்கள் அதிகாலையில் புல் மேயும். ஆறு மணிக்கே போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்போம். தொலைநோக்கி ஒன்று இருந்தால் கொண்டு வா. தண்ணீர்ப் போத்தல்களுக்கு அம்மா துணிப்பை தைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா