இஸ்ரேல் தேர்தல் செய்தியில் பார்க்க வேண்டிய எண் 61

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரேலில் தேர்தல் முடிந்ததும் "அதிக இடங்களைப் பிடித்த கட்சி வெற்றி" என்று நம் நாளிதழ்களில் தலைப்பு வந்துவிடுகிறது. அங்கே முதலிடம் பிடித்தால் மட்டும் ஆட்சி கிடைக்காது. 2009-இல் ஜிப்பி லிவ்னியின் காதிமா கட்சிக்கு 28 இடங்கள், நெதன்யாகுவின் லிகுட் கட்சிக்கு 27. பிரதமரானவர் நெதன்யாகு. 2021-இல் பிரதமரான நஃப்தாலி பென்னட்டின் யமினா கட்சி வென்றதோ வெறும் 7 இடங்கள். தேர்தல் முறை தெரியாமல் இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள முடியாது. போர், சமரசம், குடியேற்றம் பற்றிய முடிவுகள்கூடப் பல நேரம் இந்தக் கணக்கில்தான் சிக்கி நிற்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசெட்டில் 120 இடங்கள். பெரும்பான்மைக்கு 61. நம்மைப்போல் தொகுதிகள் கிடையாது. நாடு முழுவதும் ஒரே தொகுதி. வேட்பாளருக்கு வாக்கில்லை, கட்சிப் பட்டியலுக்கே வாக்கு. வாக்குப்பதிவு இயந்திரமும் இல்லை. 18 வயது நிரம்பியவர் அடையாள அட்டையைக் காட்டி உறையை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே கட்சிவாரியாகத் துண்டுச் சீட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தக் கட்சிக்குரிய எபிரேய எழுத்துகள் பெரிதாக அச்சாகியிருக்கும். ஒன்றை எடுத்து உறையிலிட்டு வெளியே வந்து பெட்டியில் போட வேண்டும். ஒரே உறையில் இரு வேறு கட்சிகளின் சீட்டுகள் இருந்தால் வாக்கு செல்லாது. படைவீரர், மருத்துவமனை நோயாளிகள், கைதிகள் ஆகியோரின் வாக்குகள் இரட்டை உறையில் வரும். அவற்றை எண்ணுவது கடைசியில்தான். முதல் இரவின் கணிப்பை முடிவாக அச்சிட்டால் தவறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லுபடியான வாக்குகளில் 3.25 சதவீதம் பெறாத கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. 1992 வரை 1 சதவீதமாக இருந்த இந்த வரம்பு, 1.5, 2 என்று ஏறி 2014-இல் இந்த அளவுக்கு வந்தது. வரம்பைத் தாண்டிய கட்சிகளின் மொத்த வாக்கை 120-ஆல் வகுத்தால் ஓர் இடத்தின் விலை கிடைக்கும். 2022-இல் அது சுமார் 36,000 வாக்குகள். மீதி வாக்குகளைப் பங்கிடுவதற்கு இரண்டு கட்சிகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் இரண்டுமே வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும்.

பெரிய விபத்துகள் நடப்பது இந்த வரம்பில்தான். 2022 நவம்பர் 1 தேர்தலில் நெதன்யாகு ஆதரவுக் கட்சிகளும் எதிர்ப்புக் கட்சிகளும் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ சமம். ஆனால் இடங்கள் 64-க்கு 56! இடதுசாரி மெரெட்ஸ் 3.16 சதவீதத்தில், சுமார் 4,000 வாக்குகளில் வரம்பைத் தவறவிட்டது. அரபுக் கட்சிகளில் ஒன்றான பலாத், 2.9 சதவீதத்தில் நின்றுபோனது. இரண்டும் சேர்ந்து சுமார் 2.9 லட்சம் வாக்குகள் வீணாயின. மெரெட்ஸுடன் சேர்ந்து நிற்கத் தொழிற்கட்சி மறுத்தது. பலாத், வேட்புமனுக் கெடு முடியும் நேரத்தில் மற்ற அரபுக் கட்சிகளை விட்டுப் பிரிந்தது. "இஸ்ரேல் மக்கள் வலதுபுறம் சாய்ந்தனர்" என்று அன்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

எந்தக் கட்சியும் இதுவரை தனித்து 61 இடங்கள் பெற்றதில்லை. 1969-இல் தொழிற்கட்சி அணி பெற்ற 56-தான் உச்சம். ஆகவே குடியரசுத் தலைவர் ஒவ்வொரு கட்சியையும் அழைத்து, யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்பார். ஆட்சி அமைக்க வாய்ப்புள்ளவராக அவர் கருதும் உறுப்பினருக்கு 28 நாள் அவகாசம். வேண்டுமானால் மேலும் 14 நாள். முடியாவிட்டால் இன்னொருவருக்கு 28 நாள். அதுவும் முடியாவிட்டால் 61 உறுப்பினர்கள் கையெழுத்திட்டு ஒருவரை முன்னிறுத்த 21 நாள். அதற்கும் பிறகு மறுதேர்தல். 2019 ஏப்ரல் முதல் 2022 நவம்பர் வரை ஐந்து தேர்தல்கள் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்சியைக் கவிழ்ப்பது எளிதல்ல. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 61 வாக்குகள் வேண்டும், மாற்று அரசையும் அதிலேயே முன்வைக்க வேண்டும். இஸ்ரேல் வரலாற்றில் அத்தகைய தீர்மானத்தில் தோற்ற ஒரே அரசு, 1990 மார்ச்சில் பிரதமர் ஷமிர் தலைமையில் இருந்த அரசுதான். அதுவும் பழைய, எளிய விதியின்போது. உண்மையான கத்தி வரவுசெலவுத் திட்டம். வழக்கமாக மார்ச் 31-க்குள் அது நிறைவேறாவிட்டால் நெசெட் தானாகவே கலையும். 2020-இல் கெடுவை டிசம்பர் வரை நீட்டித்தும் பயனில்லாமல் அப்படித்தான் கலைந்தது. ஏழெட்டு இடங்களே உள்ள சமயக் கட்சிகள் பேரம் பேசும் வலிமை பெறுவது இந்தக் கெடுவால்தான்.

சிறு கட்சிகளின் பிடியைத் தளர்த்த ஒரு பரிசோதனையும் நடந்தது. பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையில் 1996, 1999, 2001-இல் வாக்களித்தார்கள். விளைவு நேர்மாறானது. பிரதமருக்கு ஒரு வாக்கு, கட்சிக்குத் தனி வாக்கு என்றானதும் மக்கள் இரண்டாவது வாக்கைத் தங்கள் சமூகத்தின் கட்சிக்கு அளித்தனர். 1992-இல் 6 இடங்கள் வைத்திருந்த சமயக் கட்சியான ஷாஸ் 1999-இல் 17-ஐ எட்டியது. லிகுட் 19-க்குச் சரிந்தது. 2003 தேர்தலில் பழைய முறையே திரும்பியது. "நேரடித் தேர்தலே மருந்து" என்று இங்கே பேசுபவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: இஸ்ரேலுக்கு ஒரே ஆவணமான அரசியலமைப்புச் சட்டம் இல்லை. 1950-இல் எடுத்த முடிவின்படி அத்தியாயம் அத்தியாயமாக அடிப்படைச் சட்டங்கள் இயற்றப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே திருத்தலாம். மேலவையும் கிடையாது. எனவே 61 பேரைக் கட்டுப்படுத்துவது உச்ச நீதிமன்றம் மட்டுமே. 2023-இல் நீதித்துறை மாற்றங்களுக்கு எதிராக மாதக்கணக்கில் மக்கள் தெருவில் நின்றது அதனால்தான். அரசின் முடிவு நியாயமற்றது என்று ரத்துசெய்யும் நீதிமன்ற அதிகாரத்தைப் பறித்த திருத்தத்தை, 2024 ஜனவரி 1 அன்று 15 நீதிபதிகளில் 8 பேர் செல்லாது என்றனர்.

யாருக்கு வாக்குண்டு என்பதையும் உங்கள் செய்திகள் சொல்ல வேண்டும். மக்கள்தொகை சுமார் ஒரு கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அரபுகள். குடியுரிமை பெற்ற அரபுகளுக்கு வாக்குண்டு. 2021-இல் ராஆம் என்ற அரபு இஸ்லாமியக் கட்சி ஆளும் கூட்டணியிலேயே இடம்பெற்றது. கிழக்கு ஜெருசலேம் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் நிரந்தர வசிப்பாளர்களே, குடிமக்கள் அல்லர். மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், நெசெட் தேர்தலில் முடியாது. மேற்குக் கரையில் யூதக் குடியேற்றவாசிகள் தங்கள் ஊரிலேயே வாக்களிக்கிறார்கள். பக்கத்துப் பாலஸ்தீனக் கிராமத்தாருக்கு அந்த வாக்கு இல்லை. அந்தக் குடியேற்றவாசிகளுக்கு இஸ்ரேலியச் சட்டத்தைப் பொருத்தும் விதிகளை நீட்டிக்கும் மசோதா 2022 ஜூனில் 58-52 என்று தோற்றதும், பென்னட் அரசு சில வாரங்களில் நெசெட்டையே கலைத்தது. கலைத்தால் அந்த விதிகள் தாமாக நீடிக்கும் என்பது அதற்கு ஒரு காரணம்.

எனவே அடுத்த இஸ்ரேல் தேர்தலின்போது, கட்சிவாரிப் பட்டியலுக்குப் பக்கத்தில் அணிவாரிக் கூட்டுத்தொகையையும் 3.25-ஐ ஒட்டி நிற்கும் கட்சிகளின் பெயர்களையும் ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிடுங்கள். ஆட்சி அமைக்கும் கெடுநாட்களையும் அதிலேயே சேர்க்கலாம். இரட்டை உறை வாக்குகள் எண்ணி முடியும்வரை "வெற்றி" என்ற தலைப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியர்,
திருச்சி